எலும்புப்புரைக்கு வார மாத்திரையா, ஆறு மாத ஊசியா?

உங்கள் அம்மாவுக்கு 66 வயது, வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கிறது, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 2.9, மாத்திரையா ஊசியா என்று டாக்டர் உங்களையே முடிவு செய்யச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. அம்மாவையும் பெரியம்மாவையும் பார்த்துக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊசி. டெனோசுமாப் 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடுவார்கள். நல்ல மருந்துதான், ஆனால் நினைத்தபோது விட முடியாது. அடங்கியிருந்த எலும்பு அரிப்பு, ஊசியை நிறுத்தியதும் முன்னைவிட வேகமாகத் திரும்பும். பெரியம்மா மூன்று ஊசி போட்டுக்கொண்டு, "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிட்டார். ஒரு வருடத்துக்குள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் தாங்க முடியாத வலி. எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. நிறுத்துவதென்றால் வேறு மருந்துக்கு மாறியே ஆக வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தேதி தவறாமல் கூட்டிப்போக ஆள் இருந்தால் மட்டும் இந்த ஊசிக்குச் சரி சொல்லுங்கள்.

அம்மாவுக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் கொடுத்தார்கள். அவர் காலைக் காபியோடு விழுங்கிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். நெஞ்செரிச்சல் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். கால்சியம் மாத்திரையும் அந்த நேரத்தில் கூடாது.

அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராமுக்கு மாற்றினார்கள். முதல் தடவை இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி. பாராசிட்டமாலில் அடங்கியது. அடுத்த வருடம் ஒன்றும் இல்லை.

எந்த மருந்தானாலும் முன்கூட்டியே இரத்தத்தில் கால்சியம், விட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பாருங்கள். விட்டமின் டி குறைவாக இருக்கும்போதே ஊசி போட்டால் இரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கலாம். சிறுநீரகம் வேலை செய்யும் அளவு (கிரியாட்டினின் கிளியரன்ஸ்) நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் கீழே இருந்தால் அந்த டிரிப் கூடாது; டெனோசுமாப் போட்டாலும் கால்சியத்தை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போவது உண்டு, அபூர்வம்தான். இந்த மருந்துகளால் அபூர்வமாகத் தொடையெலும்பில் விரிசல் வரலாம்; அதனால் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ காரணமில்லாமல் வலி வந்தால் "வயசு வலி" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

மாத்திரையை ஐந்து வருடம், டிரிப்பை மூன்று வருடம் கழித்து, மருந்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி இடைவெளி விடலாமா என்று டாக்டர் பார்ப்பார். டெனோசுமாபுக்கு அந்த இடைவெளி கிடையாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், கிரியாட்டினின் சரியாக இருக்கும் பட்சத்தில், அந்த வருடாந்திர டிரிப்பைப் பற்றித்தான் டாக்டரிடம் முதலில் கேட்பேன். நீங்கள் வெளியூரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அம்மாவோடு வீட்டில் யார் இருக்கிறார்கள்?