வலிப்பு மாத்திரை, முகப்பரு மருந்து போன்ற பழைய மருந்துகள் ரத்தப் புற்றுநோய்க்கு வேலை செய்யுமா?

முகப்பரு மருந்து வேலை செய்கிறது, அதுவும் பிரமாதமாக. வலிப்பு மாத்திரை இதுவரை ஏமாற்றத்தைத்தான் தந்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடு பார்ப்பது என் வேலை. ஏபிஎல் என்கிற தீவிர ரத்தப் புற்றுநோய் வகையில் வெள்ளணுக்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடும், செல்லுக்குள் செந்நிற ஊசிகள் கட்டுக்கட்டாகத் தெரியும். பருவுக்குத் தடவும் ட்ரெட்டினோயினையே கேப்ஸ்யூலாகக் கொடுத்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால், நன்கு முதிர்ந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒன்று கண்ணில் படும், உள்ளே அதே ஊசி! புற்றுச் செல்லே முதிர்ந்து வழக்கமான வெள்ளணு போல ஆகியிருக்கிறது.

எப்படி என்றால், ஏபிஎல்லில் 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் ஒரு கலப்புப் புரதம் உண்டாகிறது. அது முதிர்ச்சிக்கான மரபணுக்கள் மேல் உட்கார்ந்துகொண்டு, டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் குழுக்கள் என்ற சிறு வேதித் துண்டுகளை நீக்கும் நொதிகளையும் கூட்டி வந்து அந்த இடத்தையே இறுக்கிவிடுகிறது. டிஎன்ஏ எழுத்து அப்படியே இருக்கும், மரபணு மட்டும் அணைந்து கிடக்கும். இதைத்தான் எபிஜெனிடிக் மாற்றம் என்கிறோம். ட்ரெட்டினோயின் போய் ஒட்டியதும் அந்த நொதிகள் கழன்றுகொள்ளும். 1985இல் ஷாங்காயில் மருத்துவர் வாங் சென்யி 5 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதைக் கொடுத்தார். இன்று ஆர்சனிக் ட்ரையாக்சைடும் சேர்த்து, அபாயம் குறைந்த ஏபிஎல் நோயாளிகளைக் கீமோ இல்லாமலே குணப்படுத்துகிறார்கள்.

சரி, வலிப்புக்கான வால்ப்ரோயிக் அமிலம்? அசிட்டைலை நீக்கும் அந்த நொதிகளையே இது நேரடியாகத் தடுக்கும் என்று 2001இல் தெரிந்ததும் எல்லோருக்கும் ஆசை வந்தது. ஆனால் ஏபிஎல்லும் அடங்கும் ஏஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க் குடும்பத்தின் மற்ற வகைகளில் இப்படி ஒரே புரதம் குற்றவாளியாக மாட்டுவதில்லை, மருந்தோ வீரியம் குறைவு, எல்லா மரபணுக்களையும் பொதுவாகத் தொடும். 200 முதிய ஏஎம்எல் நோயாளிகளிடம் நடந்த ஜெர்மன் ஆய்வில், டெசிடபின் என்ற புற்றுநோய் மருந்துடன் வால்ப்ரோயிக் சேர்த்ததால் ஆயுள் கூடவில்லை, ட்ரெட்டினோயின் சேர்த்தவர்களுக்குக் கூடியது. மனச்சோர்வுக்கான டிரானைல்சைப்ரோமின் எல்எஸ்டி1 என்ற இன்னொரு நொதியைத் தடுக்கிறது. ஆய்வகத்தில் நம்பிக்கை தந்தாலும் வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

என்னைக் கேட்டால் மறுபயன்பாட்டில் கெட்டிக்காரத்தனமானது அசாசிடிடின்தான். 1960களில் பிராகில் செய்த மருந்து, அதிக அளவில் கொடுத்தால் வெறும் செல்கொல்லி. அளவைக் குறைத்தபோது டிஎன்ஏவில் மெத்தில் குழுக்கள் ஒட்டுவதைத் தடுத்து, அணைந்த மரபணுக்களை எழுப்பியது. 2004இல் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத எம்டிஎஸ் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அப்புறம், வீட்டில் வலிப்பு மாத்திரை இருக்கிறதே என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வால்ப்ரோயிக் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைக் குறைக்கும், ரத்தப் புற்றுநோயாளிக்கு அது ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும்.