திரையில் சிவப்பு எரிந்தால் நோட்டீஸ் கொடுத்ததாகிவிடுமா?

கேள்வி: ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் திட்டப் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் பணியில் ஆர்.எஃப்.ஐ. எனப்படும் தகவல் கோரிக்கைகள் எல்லாம் மென்பொருள் வழியாகவே போய் வருகின்றன. முதல் தளத்துப் பீம் ஒன்றின் ஊடாக ஏ.சி. குழாய் போவதாக ஒரு வரைபடம் காட்டுகிறது. கட்டமைப்பு வரைபடத்தில் அந்த இடத்தில் துளையே இல்லை. கேட்டு 19 நாட்கள் ஆகிவிட்டன, பதில் வரவில்லை. கெடு தாண்டிவிட்டதாகத் திரையில் சிவப்பாகக் காட்டுகிறது. “சிவப்பு பதிவாகிவிட்டது, கால நீட்டிப்பு தானாக வரும்” என்கிறார் மேலாளர். க்ளைம், அதாவது கூடுதல் காலமும் பணமும் கேட்கும் கோரிக்கை, தயாரித்துத் தரும் ஆலோசகர் ஒருவரோ, இன்னும் ஐம்பது ஆர்.எஃப்.ஐ. போட்டு வையுங்கள் என்கிறார். ஒப்பந்தம் ஃபிடிக் 2017 சிவப்பு நூல் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தம். இரண்டு வாரத்தில் கான்கிரீட். என்ன செய்வது?

பதில்: தானாக எதுவும் வராது. உங்கள் மேலாளர் சொல்வதை நம்பி இன்னும் பத்து நாட்கள் காத்திருந்தால், கிடைக்க வேண்டிய கால நீட்டிப்பும் கைவிட்டுப் போகலாம்.

அந்தச் சிவப்பு நிறம், யாரோ ஒருவர் மென்பொருளில் பதிந்து வைத்த ஒரு தேதி கடந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் ஒப்பந்தம் கேட்பது வேறு. அதன் 1.9ஆம் பிரிவின்படி, ஒரு வரைபடமோ அறிவுறுத்தலோ உரிய நேரத்தில் வராததால் பணி தாமதப்படும் என்று தெரிந்தால், நீங்கள் பொறியாளருக்கு, அதாவது உரிமையாளர் சார்பில் ஒப்பந்தத்தை நடத்தும் கன்சல்டன்ட்டுக்கு, நோட்டீஸ் கொடுக்க வேண்டும். என்ன தேவை, ஏன் தேவை, எந்தத் தேதிக்குள் தேவை, வராவிட்டால் எவ்வளவு தாமதம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். அது நோட்டீஸ்தான் என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கவும் வேண்டும். உங்கள் ஆர்.எஃப்.ஐ.யில் இவற்றில் எத்தனை இருக்கின்றன? அனேகமாக முதலாவது மட்டும்.

அடுத்தது 20.2.1ஆம் பிரிவு. தாமதத்துக்குக் காரணமான நிகழ்வை நீங்கள் அறிந்த நாளிலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாட்களுக்குள் க்ளைம் நோட்டீஸ் போக வேண்டும். அந்த நாள் எது என்பதில் வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். நீங்கள் அந்த வாதத்துக்குள் போகவே வேண்டாம். கேள்வி அனுப்பிய நாளிலிருந்தே எண்ணுங்கள். 19 போக மிச்சம் 9 நாட்கள். நாளைக்கே இரண்டு நோட்டீஸ்களையும் அனுப்பிவிடுங்கள். முழு விவரமும் கணக்கும் கொடுக்க 84 நாட்கள் இருக்கின்றன. நோட்டீஸுக்கு அவ்வளவு இல்லை.

அனுப்பும் வழியையும் பாருங்கள். ஒப்பந்தத் தரவுப் பக்கத்தில் மின்னணு முறையாக இந்த மென்பொருளின் பெயர் இருந்தால், அதன் கடிதப் பிரிவு வழியாகவே நோட்டீஸ் அனுப்பலாம். பெயர் இல்லையென்றால் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இதற்குப் பிறகு உங்கள் ஆர்.எஃப்.ஐ.யைத் திறந்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். நான் பார்க்கிற பத்தில் ஏழு இப்படித்தான் இருக்கின்றன: “கட்டமைப்பு வரைபடத்துக்கும் ஏ.சி. வரைபடத்துக்கும் முரண்பாடு உள்ளது. தெளிவுபடுத்தவும்.” இதைப் பெறுகிறவர் எந்தத் தளம், எந்தப் பீம், எந்தத் திருத்தம் என்று தானே தேட வேண்டும். அவர் முன்னால் இப்படி முப்பது காத்திருக்கும். உங்களுடையதைத் தள்ளி வைத்துவிட்டு, எளிதாகப் பதில் சொல்லக்கூடியதை எடுத்துக்கொள்வார்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “முதல் தளம், அச்சு சி-4 முதல் சி-5 வரை, பீம் பி-17, ஆழம் 600 மி.மீ., நீளம் 7,200 மி.மீ. ஏ.சி. வரைபடம் எம்-117 திருத்தம் 2இன்படி 200 மி.மீ. விட்டமுள்ள குழாய், தூண் முகத்திலிருந்து 350 மி.மீ. தள்ளிப் பீமை ஊடுருவுகிறது. கட்டமைப்பு வரைபடம் எஸ்-203 திருத்தம் 4இல் துளை இல்லை. துளையைத் தூண் முகத்திலிருந்து 2,800 மி.மீ. தள்ளி, பீம் ஆழத்தின் நடுவில் வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. ஏற்பா? ஏற்பென்றால், துளையைச் சுற்றிக் கூடுதல் கம்பி விவரம் தரவும். கம்பி கட்டும் வேலை 12ஆம் தேதி தொடங்குகிறது. 9ஆம் தேதிக்குள் பதில் தேவை.” கூடவே, இரண்டு வரைபடங்களிலும் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, முரண்பாட்டின் மேல் வட்டமிட்டு இணையுங்கள்.

இதற்கு ‘ஆம்’ என்று ஒரு சொல்லும் ஒரு கம்பி வரைபடமும் போதும். நீங்களே ஒரு தீர்வை முன்வைத்ததால் அவருடைய வேலை பாதியாகிவிட்டது. கட்டமைப்புப் பொறியாளர் ஏன் தயங்குகிறார் என்பதும் இதில் புரியும். தூணை ஒட்டிய பகுதியில்தான் பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டுவிசை அதிகம். அங்கே துளையிட யாரும் மனமார ஒப்பமாட்டார்கள். பதில் வராமலே கான்கிரீட் போட்டுவிட்டுப் பிறகு துளைத்துக்கொள்ளலாம் என்று சைட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். துளையிடும் இயந்திரம் கம்பியையும் சேர்த்து அறுத்துவிடும். ஒரு பணியில் தூணருகே வளையக் கம்பிகள் இரண்டு துண்டாகிப்போனதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பீமைச் சரிசெய்யப் பிடித்த காலம், பதிலுக்குக் காத்திருந்திருக்க வேண்டிய காலத்தைவிடப் பல மடங்கு.

இன்னொன்றையும் உடனே சரிபாருங்கள். இப்போது கேள்வி யார் கையில் இருக்கிறது? புரோகோர் மென்பொருளில் இதற்கென்றே ‘பால் இன் கோர்ட்’ என்று ஒரு பத்தி உண்டு. மற்றவற்றிலும் வேறு பெயரில் இருக்கும். 19 நாட்களாகக் கன்சல்டன்ட்டின் மேசையில் கிடக்கிறது என்று நீங்கள் நினைத்திருக்க, அவர் நான்காம் நாளே “பீம் எண் என்ன?” என்று கேட்டு உங்கள் பக்கம் திருப்பியிருக்கலாம். அப்படியென்றால் அந்தத் தாமதம் உங்களுடையது. ஒரு தகராறு விசாரணையில் ஒப்பந்ததாரர் 60 நாள் தாமதம் என்று கணக்குக் காட்டினார். மாற்ற வரலாற்றைத் திறந்தபோது அதில் 41 நாட்கள் கேள்வி அவர் கையிலேயே இருந்தது தெரிந்தது. அதன் பிறகு அவர் சொன்ன சரியான கணக்கையும் யாரும் நம்பவில்லை.

இனி அந்த க்ளைம் ஆலோசகர். இந்த இடத்தில் எனக்குப் பொறுமை இல்லை, சொல்லிவிடுகிறேன். ஐம்பது ஆர்.எஃப்.ஐ. போடச் சொல்கிறவருக்கு உங்கள் பீமைப் பற்றிக் கவலை இல்லை. பணி முடியும்போது தடிமனான ஒரு கோப்பைக் காட்டி, க்ளைம் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவதற்கு அவருக்கு எண்ணிக்கை வேண்டும். அவர் போடச் சொல்லும் ஐம்பதில் நாற்பதுக்கு வரைபடத்திலேயே விடை இருக்கும். அவை உங்கள் ஒரே உண்மையான கேள்வியைக் குவியலுக்குள் புதைத்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவதும் அந்த நாற்பதைத்தான்: “பாருங்கள், இவர்கள் வரைபடத்தைப் படிப்பதே இல்லை.” க்ளைம் தோற்றால் அந்த ஆலோசகர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார்; கன்சல்டன்ட்டிடம் கெட்டுப்போன பெயரோடு மீதிப் பணியை முடிக்க வேண்டியவர் நீங்கள்.

பழைய தேதியிட்டு ஆர்.எஃப்.ஐ. போடலாம் என்றும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். படிவத்தில் நீங்கள் எந்தத் தேதியைப் போட்டாலும், அது எப்போது உருவாக்கப்பட்டது, எப்போது அனுப்பப்பட்டது என்பதை மென்பொருள் தன் கணக்கில் தனியாக எழுதி வைக்கிறது. இது தந்திரம் அல்ல, மோசடி. அப்படிச் சொல்கிறவரை அலுவலகத்துக்குள் விடாதீர்கள்.

இதே இனத்தில் இன்னொரு வகையினரும் உண்டு: மென்பொருளை நிறுவித் தருகிறோம் என்று வருகிற முகவர்கள். உங்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமலே, போன வாடிக்கையாளருக்குச் செய்த அமைப்பை அப்படியே இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். பதில் கெடு 7 நாட்கள் என்று அதில் இருக்கும்; ஒப்பந்தத்தில் அப்படி ஒரு எண்ணே இராது, அல்லது வேறு எண் இருக்கும். பிறகு ஒப்பந்ததாரர் திரையிலுள்ள ஏழைப் பிடித்துக்கொள்வார், கன்சல்டன்ட் காகிதத்திலுள்ளதைப் பிடித்துக்கொள்வார். தகராறு என்று வந்தால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் நிற்கும். உங்கள் திரையில் சிவப்பு எரிவது எந்தக் கெடுவின் அடிப்படையில் என்று இன்றே பாருங்கள்.

கன்சல்டன்ட்கள் பக்கத்திலும் நியாயம் இல்லை. “வரைபடத்தைப் பார்க்கவும்” என்று இரண்டு சொல் எழுதிக் கோரிக்கையை மூடுகிறார்கள். சராசரிப் பதில் நேரம் இத்தனை நாள் என்று மாதக் கூட்டத்தில் ஒரு வரைகோடு காட்டப்படுகிறது, எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பதில் பயன்பட்டதா என்று அந்தக் கோடு சொல்வதில்லை, கேட்பாரும் இல்லை. 2013இல் நாவிகன்ட் என்ற ஆலோசனை நிறுவனம் 1,300க்கும் மேற்பட்ட திட்டங்களின் ஆர்.எஃப்.ஐ.க்களை ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒன்றுக்கு மேல் பதிலே வராதவை என்று கண்டது. பெயருக்கு வந்த பதில்களையும் சேர்த்தால் எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கணக்கு முறையை மாற்றாமல் புதிய மென்பொருள் வாங்கிக்கொண்டே போவதில் யாருக்கும் பயன் இல்லை.

உங்கள் கோரிக்கையும் அப்படி மூடப்பட்டால் விட்டுவிடாதீர்கள். முடிந்தால் அதே எண்ணையே மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் புதிய எண்ணில் எழுதி, முதல் வரியிலேயே பழைய எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் 19 நாட்கள் காத்திருந்ததன் தடம் அறுந்து, கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இதுவரை சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பொறியாளர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். அந்த ஏ.சி. குழாய்களின் வழித்தடத்தை வடிவமைக்கும் பொறுப்பு யாருடையது? பல ஒப்பந்தங்களில் முதன்மைக் கட்டமைப்பைக் கன்சல்டன்ட் வடிவமைப்பார், ஏ.சி., தீயணைப்பு, முகப்புக் கண்ணாடி போன்றவற்றின் செயல் வரைபடங்களையும் ஒருங்கிணைப்பையும் ஒப்பந்ததாரரிடம் விட்டிருப்பார்கள். எம்-117 உங்கள் நிறுவனமோ உங்கள் துணை ஒப்பந்ததாரரோ வரைந்த வரைபடம் என்றால், பீமில் மோதுவது உங்கள் குழாய். அப்போது நீங்கள் கேட்பது, உங்கள் பிழையை அவர் திருத்தித் தர வேண்டும் என்பதுதான். அதே 1.9ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: பொறியாளரின் தாமதம் ஒப்பந்ததாரரின் பிழையாலோ தாமதத்தாலோ நேர்ந்தது என்றால், அந்த அளவுக்குக் கால நீட்டிப்பும் இல்லை, பணமும் இல்லை. அப்படிப்பட்ட நிலையில் சரியான வழி, குழாயை நீங்களே பீமுக்குக் கீழே இறக்கியோ தள்ளியோ வரைந்து, ஒப்புதலுக்கான வரைபடமாக அனுப்புவது. அப்படியும் துளை வேண்டியிருந்தால், அதைக் கோரிக்கையாக வையுங்கள், குற்றச்சாட்டாக வைக்காதீர்கள். வரைபடத்தின் வலது கீழ் மூலையில் வரைந்தவர் பெயர்ப் பெட்டி இருக்கிறதல்லவா? நோட்டீஸ் எழுதும் முன் அதை ஒருமுறை படியுங்கள். ஒரு நிறுவனம் தன் துணை ஒப்பந்ததாரர் வரைந்த படத்தின் மேல் 34 கேள்விகள் கேட்டு, அவற்றுக்குத் தாமத க்ளைமும் போட்டு, விசாரணையின் முதல் நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

எம்-117 கன்சல்டன்ட்டின் வரைபடம்தான் என்று வைத்துக்கொள்வோம். பதிலும் வந்துவிடுகிறது: துளையை நகர்த்துங்கள், எட்டுக் கம்பிகள் கூடுதலாகப் போடுங்கள் என்று. உடனே வேலையைத் தொடங்கிவிட்டுச் செலவைப் பிறகு கேட்கலாம் என்று இருக்காதீர்கள். ஆர்.எஃப்.ஐ. பதில் தானாக மாற்றப்பணி ஆணை, அதாவது ஒப்பந்த வேலையை மாற்றும் உத்தரவு, ஆகாது. 3.5ஆம் பிரிவின்படி, அந்த அறிவுறுத்தல் மாற்றப்பணிக்குச் சமம் என்று நீங்கள் கருதினால், அதைத் தொடங்கும் முன்பே காரணத்தோடு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பொறியாளர் 7 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் அந்த அறிவுறுத்தல் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். படிவத்தில் செலவு பாதிப்பு, கால பாதிப்பு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தெரியாத நிலையில் ‘இல்லை’ என்று குறிக்காதீர்கள். ‘பின்னர் தீர்மானிக்கப்படும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் அழுத்திய அந்த ‘இல்லை’யை உங்களுக்கு எதிராகவே காட்டுவார்கள்.

தொலைபேசியில் பதில் சொன்னால், அன்றைக்கே அதே ஆர்.எஃப்.ஐ.யில் எழுதி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். எழுத்தில் வரும் வரை கம்பியைத் தொடாதீர்கள்.

கடைசியாக, மென்பொருள் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உரிமையாளர் அல்லது முதன்மை ஒப்பந்ததாரர் பெயரில் இருக்கும். பணி முடிந்ததும், சில சமயம் தகராறு தொடங்கியதுமே, உங்கள் நுழைவு நிறுத்தப்படலாம். ஆர்.எஃப்.ஐ. பதிவேட்டையும், ஒவ்வொரு கோரிக்கையின் மாற்ற வரலாற்றையும், இணைப்புகளையும் வாரம் ஒருமுறை பி.டி.எஃப். ஆக இறக்கி உங்கள் நிறுவனத்தின் கணினியில் வையுங்கள். பி-17இன் கோப்பை, நாளை நோட்டீஸ் அனுப்பும் முன் இறக்கிவிடுங்கள்.