முதல் சுற்றிலேயே தீர்ந்துபோன மூச்சு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் நான்காம் படிவம் படிக்கும் மாணவி. 800 மீட்டர் ஓடுகிறேன். சென்ற மாதம் பத்து காவான் அரங்கில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான போட்டியில், தகுதிச் சுற்றை 2 நிமிடம் 24 விநாடியில் முடித்து இரண்டாவதாக வந்தேன். அதுவே என் சிறந்த நேரம். இறுதிச் சுற்றில் பதக்கம் நிச்சயம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நம் மலேசிய நாட்டு வீரர் பி. ராஜ்குமார் 1985-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரில் தங்கம் வென்ற கதையைச் சிறு வயதிலிருந்தே எனக்குச் சொல்லி வளர்த்த அப்பா, அன்று வேலைக்கு விடுப்பு எடுத்து, சித்தப்பாவையும் பெரியம்மாவையும் அழைத்து வந்திருந்தார்.

இறுதிப் போட்டியில் முதல் 400 மீட்டர் சுற்றை 65 விநாடியில் முடித்தபோது எனக்கு முன்னால் ஒருத்திதான் இருந்தாள். கடைசி 250 மீட்டரில் கால்கள் கல்லாகிவிட்டன. ஒவ்வொருவராக என்னைக் கடந்து போக, 2:31-இல் ஏழாவதாக முடித்தேன். “உனக்கு மனவலிமை போதாது” என்றார் பயிற்றுநர். வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா காரில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தோழி ஒருத்தி அந்தக் காணொளியைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டதிலிருந்து நான் திடல் பக்கமே போகவில்லை. எனக்கு உண்மையிலேயே மனவலிமை இல்லையா? ஓட்டத்தை விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி, பட்டர்வொர்த்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது 65 என்ற எண்தான். அப்படியென்றால் இரண்டாம் சுற்றை 86 விநாடியில் ஓடியிருக்கிறாய். இரண்டுக்கும் இடையே 21 விநாடி. இந்த ஓட்டத்தில் இரண்டாம் சுற்று சற்று மெதுவாக அமைவது இயல்பே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்ய வீரர் டேவிட் ருடிஷா 1:40.91 என்ற உலகச் சாதனையைப் படைத்தபோதுகூட, முதல் சுற்றை 49.28 விநாடியில் ஓடியவர், இரண்டாவதற்கு அதைவிட இரண்டு விநாடிக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டார். 2:24 ஓடக்கூடிய உனக்கு முதல் சுற்று ஏறக்குறைய 70 விநாடியாக இருந்திருக்க வேண்டும்.

போட்டியின் பரபரப்பில், தசைகளில் ஏற்கனவே சேமிப்பில் உள்ள ஆற்றலும் உடனே கிடைப்பதால், முதல் 200 மீட்டர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இலகுவாகவே தோன்றும். அந்த வேகத்தின் விளைவு 500 மீட்டருக்குப் பிறகுதான் கால்களில் தெரியும். அந்நிலையில் எவ்வளவு உறுதியான மனம் படைத்தவராலும் வேகத்தைத் தக்கவைக்க முடியாது. பயிற்றுநர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் தோல்வி நேர்ந்த மறுநிமிடம் சொல்லப்படும் தீர்ப்பில் சொன்னவருடைய ஏமாற்றமும் கலந்திருக்கும் என்பதால், அதை உன் குணத்துக்கான சான்றிதழாக நீ எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதில் மனத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏன் 65 என்பதுதான் மனம் சார்ந்த கேள்வி. தகுதிச் சுற்றில் அடுத்த சுற்றுக்குத் தேர்வாக வேண்டும் என்ற ஒரே வேலைதான் உனக்கு இருந்தது. இறுதிச் சுற்றிலோ அப்பாவின் விடுப்பு, பெரியம்மாவின் வருகை, ராஜ்குமாரின் தங்கம் எல்லாம் உன்னோடு தொடக்கக் கோட்டில் நின்றன. பதக்கம் என்பது மற்ற ஓட்டக்காரர்களையும் பொறுத்தது. முதல் 200 மீட்டரை 35 விநாடியில் ஓடுவது முழுக்க உன் கையில் உள்ளது. கவனம் முன்னதில் குவியும்போது பதற்றம் கூடும், பின்னதில் குவியும்போது குறையும் என்பதால், அடுத்த போட்டிக்கு அந்த 35-ஐ மட்டும் மனத்தில் எடுத்துச் செல்.

உன்னை வதைக்கும் அந்தக் காணொளியை ஒருமுறை, கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, 200 மீட்டர் வாரியாக நேரம் குறித்துப் பார். அதில் முகத்தைப் பார்க்காதே, கடிகாரத்தைப் பார். பிறகு திடலில், கைக்கடிகாரம் அணியாமல் 200 மீட்டர் ஓடி, எத்தனை விநாடி ஆகியிருக்கும் என்று நீயே முதலில் ஊகித்துச் சொல்லிவிட்டு, அதன்பின் உண்மையான நேரத்தைக் கேட்டறியும் பயிற்சியைத் தொடர்ந்து செய். ஊகமும் கடிகாரமும் நெருங்கி வரும்போது உன் வேகத்தை உடலே உனக்குச் சொல்லத் தொடங்கும்.

அந்த நேரத்தைக் குறிக்கும் வேலையை அப்பாவிடம் கொடு. காரில் அவர் பேசாமல் வந்ததைக் கோபம் என்று நீயாகவே முடிவு செய்திருக்கிறாய். என்ன சொன்னால் மகளுக்குக் காயம் கூடும் என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு வரும் தகப்பன்மார்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். “அன்று ஏன் பேசவில்லை?” என்று நேரடியாகவே கேட்டுவிடு.

ஓட்டத்தை விடுவதா என்பதை இப்போது முடிவு செய்யாதே. மீண்டும் சில வாரங்கள் ஓடிய பிறகும் அதில் விருப்பம் வரவில்லையென்றால் நிறுத்திக்கொள்வதில் குற்றமேதும் இல்லை. தூக்கமோ பசியோ படிப்போ இதனால் தொடர்ந்து கெட்டால், தள்ளிப்போடாமல் உன் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைச் சென்று பார்.