மயக்க மருந்தால் அப்பாவுக்கு எதிர்ப்பு சக்தி போய்விடுமா?

கேள்வி: 62 வயது அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், அடுத்த வாரம் ஆபரேஷன். வாயு மயக்க மருந்து கொடுத்தால் எதிர்ப்பு சக்தி குறைந்து புற்று பரவும், ஊசி மயக்கம்தான் கேட்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள், மயக்க டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் இதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

வந்த செய்தி முழுப் பொய் இல்லை. புற்று செல்லைக் கண்டால் அடித்துத் தீர்க்கிற என்.கே. செல்கள் நம் ரத்தத்தில் உண்டு. வயிற்றில் கத்தி வைத்ததுமே உடம்பு கார்டிசோல், அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன்களைக் கொட்டும், அதில் இந்த செல்கள் சில நாட்களுக்கு மந்தமாகிவிடும். செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவும் மார்ஃபின் என்ற வலி மருந்தும் இவற்றை இன்னும் கொஞ்சம் அமுக்குகின்றன, புரோபோஃபால் என்ற மயக்க ஊசி அவ்வளவு அமுக்குவதில்லை என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

சரி, மனிதர்களிடம்? 2019-இல் வெளிவந்த ஆய்வில் மார்பகப் புற்று ஆபரேஷன் செய்த 2,100-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்கு வாயுவும் மார்ஃபின் வகை மருந்தும், மறுபாதிக்கு புரோபோஃபாலும் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்தார்கள். புற்று திரும்பி வந்தது இரண்டு பக்கமும் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான். அது மார்பகம், குடல் இல்லைதான். குடல் புற்றிலும் முதுகில் குழாய் வைத்து வலி குறைத்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள், நோய் திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை.

என்னைக் கேட்டால் குளிரைப் பற்றிக் கேளுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் ஏசி, மேலே மெல்லிய துணி, திறந்த வயிறு, மணிக்கணக்கில். 1996-இல் ஆஸ்திரியாவில் குடல் ஆபரேஷன் செய்த 200 பேரை ஆராய்ந்தபோது, உடல் சூடு 34.7 டிகிரிக்கு இறங்கியவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குப் புண்ணில் சீழ் பிடித்தது, 36.6-இல் வைத்திருந்தவர்களில் 6 பேருக்குத்தான். குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிவிடும், வெள்ளணுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாது. சூடான காற்று ஊதும் போர்வை இருக்கிறதா என்று கேளுங்கள், பலர் கேட்பதே இல்லை. பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

அப்புறம், அப்பாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதவில்லையே? குடல் புற்றில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. குறைவாக இருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், ஏற்றும் ரத்தமும் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அமுக்கும். 13-க்குக் கீழே இருந்தால் இன்றே ஆபரேஷன் செய்யும் டாக்டருக்குப் போன் போடுங்கள், இரும்புச்சத்து ஊசி போட்டாலும் அது வேலை செய்ய நாள் பிடிக்கும்.