மரக்குதிரை இலியட்டில் இல்லை: ஐரோப்பிய ஓவியங்களில் காவியக் காட்சிகள், கேள்வி பதில்

கிரேக்க, ரோமானியக் காவியங்களை வைத்து ஐரோப்பியர்கள் வரைந்த ஓவியங்கள், செதுக்கிய சிலைகள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இலியட் மொழிபெயர்ப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன் சார். மரக்குதிரை வரவே இல்லை. அக்கிலிஸ் குதிகாலில் அம்பு பட்டுச் சாவதும் இல்லை. என் பிரதியில் பக்கங்கள் விட்டுப்போயிருக்குமோ?

பதில்: பிரதி சரியாகத்தான் இருக்கிறது. இலியட் டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடும். டிராய் அப்போதும் விழவில்லை, அக்கிலிஸும் உயிரோடுதான் இருக்கிறான். பத்தாண்டுப் போரில் சில வாரங்களை மட்டுமே ஹோமர் எடுத்துக்கொண்டார். கிரேக்க வீரர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து டிராய்க்குள் நுழைந்த கதையை ஒடிசியின் எட்டாம் பாடலில் ஒரு பாணன் சுருக்கமாகப் பாடுகிறான். விரிவாக வேண்டுமென்றால் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட், இரண்டாம் பாடலுக்குப் போக வேண்டும்.

குதிரையைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று, மைக்கோனோஸ் தீவில் 1961-இல் கிடைத்த பெரிய மண்தாழியில் இருக்கிறது. கி.மு. 670 வாக்கில் செய்தது. தாழியின் கழுத்தில் குதிரை நிற்கிறது, காலடியில் சக்கரங்கள். உள்ளே ஒளிந்திருப்பவர்களை வெளியே தெரியும்படி காட்டுவது எப்படி? குயவன் கவலையே படவில்லை. குதிரையின் உடம்பில் சதுரமாக ஜன்னல் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வீரனின் தலையை வைத்துவிட்டான். பார்த்தால் சிரிப்பு வரும். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சிரிப்பு நின்றுவிடும்: தாழியின் உடம்பு முழுக்கக் கட்டம் கட்டமாக, நகரம் விழுந்தபின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நேர்ந்ததைச் செதுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரே ஆளுக்கு யுலிசிஸ் என்றும் ஒடிசியஸ் என்றும் பெயர் போடுகிறார்களே, எது சரி?

பதில்: இரண்டும். ஒடிசியஸ் கிரேக்கம், யுலிசிஸ் லத்தீன் வழி வந்தது. ஜீயஸ் - ஜூபிடர், ஹேரா - ஜூனோ எல்லாம் அப்படித்தான். ஹோமர் கதையையே வரைந்தாலும் ஓவியர்கள் பெரும்பாலும் லத்தீன் பெயரைத்தான் வைத்தார்கள். கிரேக்க மூலம் மேற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் படிக்க ஆளில்லாமல் கிடந்தது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கிடம் ஹோமரின் கிரேக்கப் பிரதியே இருந்தது, ஆனால் அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஃப்ளாரன்ஸில் 1488-இல்தான் ஹோமர் முதன்முதலாகக் கிரேக்கத்தில் அச்சானார். வெர்ஜிலும் இன்னொரு ரோமானியக் கவிஞரான ஓவிடும் அதுவரை கைவிட்டுப் போகவே இல்லை. மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் ஹோமரைவிட ஓவிட் அதிகமாகத் தென்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: வத்திக்கானில் இருக்கும் லாவோகூன் சிலை. பாம்புகள் அப்பாவையும் இரண்டு பிள்ளைகளையும் சுற்றி நெரிக்கின்றன. வெர்ஜிலோ அவன் வானம் அதிர அலறினான் என்கிறார். சிலையில் வாய் பாதிகூடத் திறக்கவில்லையே, ஏன்?

பதில்: அருமையான கேள்வி. இதே கேள்வியை வைத்து ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் 1766-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

முதலில் கதை. லாவோகூன் டிராயின் பூசாரி. குதிரையை உள்ளே விடாதீர்கள் என்று எச்சரித்து, அதன் விலாவில் ஈட்டியையும் எறிகிறான். அப்புறம் கடலிலிருந்து இரண்டு பாம்புகள் வருகின்றன. பலிபீடத்தில் வெட்டு தவறிப்போய், கழுத்துக் காயத்தோடு தப்பி ஓடும் காளையைப் போல அவன் அலறினான் என்று வெர்ஜில் எழுதுகிறார்.

லெஸ்ஸிங் சொன்ன காரணம் இது: கவிதை காலத்தில் நகர்கிறது, அலறல் ஒரு வரியில் வந்து அடுத்த வரியில் போய்விடும். கல்லில் அப்படி இல்லை. திறந்த வாய் என்றைக்கும் திறந்தே இருக்கும், பார்க்கிறவருக்கு அது முகத்தில் ஒரு குழியாகத்தான் தெரியும். அதனால் சிற்பி அலறலுக்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொண்டான், மிச்சத்தை நம் கற்பனைக்கு விட்டான்.

நான் இதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அலறல் சிலையில் இல்லாமல் போகவில்லை, வாயிலிருந்து உடம்புக்கு இறங்கியிருக்கிறது. வயிற்றைப் பாருங்கள்: உள்ளே இழுத்துக்கொண்டு, விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய, இடுப்பில் பாம்பு கடிக்கும் பக்கம் உடம்பே சுருங்கி விலகுகிறது. புருவம் இரண்டும் நடுவில் மேலே ஏறிக் கிடக்கிறது. சத்தம் போட்டால் எது அடங்குமோ, அது அடங்காமல் நிற்கிறது.

இதே கேள்வியோடு இன்னொருவர்: பழைய புத்தகத்தில் அவன் வலது கை மேலே நீண்டிருக்கிறது, இப்போதைய புகைப்படங்களில் தலைக்குப் பின்னால் மடங்கியிருக்கிறது. இரண்டு சிலையா?

பதில்: ஒரே சிலைதான். 1506 ஜனவரியில் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தோண்டி எடுத்தபோது வலது கை இல்லை. எடுத்த கையோடு பார்க்கப் போனவர்களில் மைக்கலாஞ்சலோவும் ஒருவர். பிறகு மொன்டோர்சோலி என்ற சிற்பி நீட்டிய கை ஒன்றைச் செய்து ஒட்டினார். அந்த வீரத் தோரணைதான் ஐரோப்பா முழுக்க நகலெடுக்கப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் போலாக் என்ற தொல்லியலாளர் ரோமில் ஒரு கல்தச்சர் கடையில் மடங்கிய பளிங்குக் கை ஒன்றைக் கண்டெடுத்தார். அது மூலக் கைதான் என்று உறுதியாகி 1950-களின் கடைசியில் பொருத்தினார்கள். நீட்டிய கை எதிர்த்து நின்றது, மடங்கிய கையில் தோல்வி தெரிகிறது. முன்னூறு, நானூறு ஆண்டுகள் உலகம் வேறொரு லாவோகூனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

கேள்வி: சிற்பி பெர்னினியின் சிலையில் ஈனியட் நாயகன் ஈனியஸ் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு எரியும் டிராயை விட்டு வெளியேறுகிறான், பின்னால் சின்னப் பையன். ஈனியஸின் மனைவி எங்கே?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. 1618-19-இல் செய்த சிலை, இப்போது ரோமில் போர்கேசே காட்சியகத்தில் இருக்கிறது. பெர்னினிக்கு அப்போது இருபது வயதுதான். தோளில் சிங்கத்தோல், அதன்மேல் அப்பா அங்கைசிஸ். ஈனியஸின் கையில் போர் ரத்தம் காயவில்லை என்பதால் குலதெய்வச் சிலைகளைத் தகப்பன்தான் ஏந்துகிறார். இதுவரை வெர்ஜில் சொன்னபடி. பையன் மட்டும் மாறிவிட்டான். காவியத்தில் அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டாத நடைக்கு எட்டி எட்டி வைத்து ஓடி வருகிறான். சிலையில் பின்னால் நின்று வீட்டு நெருப்பை ஏந்தியிருக்கிறான்.

மனைவி க்ரியூசா? காவியத்தில் அவள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வருகிறாள். ஊருக்கு வெளியே வந்து சேர்ந்த பிறகுதான் ஈனியஸ் திரும்பிப் பார்க்கிறான், அவளைக் காணோம். தேடி ஓடினால் ஆவியாக எதிரே வருகிறாள், மூன்று முறை அணைக்கப் போகிறான், மூன்று முறையும் கைக்குள் ஒன்றும் இல்லை. பெர்னினிக்கு வேண்டியது தாத்தா, மகன், பேரன் என்று ஒரே தூணாக மேலே ஏறும் மூன்று தலைமுறை. அந்தக் கணக்கில் அவளுக்கு இடமில்லை. அதே காட்சியகத்திலேயே பரோச்சி 1598-இல் வரைந்த ஓவியம் இருக்கிறது, அதில் க்ரியூசா பின்னால் வருவதைப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது சிலைதான். ஆனால் க்ரியூசாவுக்கு நியாயம் செய்தது ஓவியம்.

கேள்வி: புரூகலின் இக்காரஸ் படத்தில் இக்காரஸைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன் அண்ணா. எங்கேதான் இருக்கிறான்?

பதில்: வலது பக்கம் கீழே, கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் இரண்டு வெள்ளைக் கால்கள் தண்ணீருக்கு மேல் உதைத்துக்கொண்டிருக்கின்றன பாருங்கள். அவ்வளவுதான் இக்காரஸ். தலைப்பு இல்லாவிட்டால் பாதிப் பேர் பார்க்காமலே போய்விடுவார்கள்.

இனி ஓவிடைத் திறவுங்கள், உருமாற்றக் காவியத்தின் எட்டாம் பாடல். தகப்பன் டெடாலஸும் மகன் இக்காரஸும் மெழுகால் ஒட்டிய சிறகுகளோடு பறப்பதை ஒரு தூண்டில்காரன், ஒரு இடையன், ஒரு உழவன் மூவரும் நிமிர்ந்து பார்த்து, இவர்கள் தெய்வங்கள்தான் என்று வாயைப் பிளக்கிறார்கள். புரூகல் மூவரையும் ஒருவர்கூட விடாமல் கொண்டுவந்திருக்கிறார், ஆனால் ஒருவர்கூட அவனைப் பார்க்கவில்லை. சிவப்புச் சட்டைக்காரன் குனிந்தபடி ஏர் ஓட்டுகிறான். தூண்டில்காரன் இக்காரஸின் கால்களுக்கு வெகு பக்கத்தில் இருந்தும் தூண்டிலில் கண்ணாக இருக்கிறான். இடையன் மட்டும் அண்ணாந்து பார்க்கிறான், அதுவும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இக்காரஸின் சிறகு மெழுகை உருக்கிய சூரியனோ அடிவானத்தில் கிடக்கிறது! இடப்பக்கப் புதருக்குள் ஒரு கிழவனின் பிணமும் தெரியும். ஒருவன் சாகிறான் என்று ஏர் நிற்பதில்லை என்று புரூகலின் நாட்டில் ஒரு பழமொழி உண்டு, அதற்காக வைத்தது என்பார்கள்.

இன்னொரு வேலை தருகிறேன். தூண்டில்காரனுக்குப் பக்கத்தில் கிளையில் ஒரு கவுதாரி உட்கார்ந்திருக்கும். டெடாலஸ் பொறாமையில் மலையிலிருந்து தள்ளிவிட்ட சகோதரி மகன் கவுதாரியாக மாறினான், மகனைப் புதைக்கும் தகப்பனைப் பார்த்துச் சிறகடித்து மகிழ்ந்தான் என்கிறார் ஓவிட். படத்தில் நடப்பதைக் கவனிக்கிற உயிர் அது ஒன்றுதான் போலிருக்கிறது. பிரசெல்ஸில் இருக்கும் இந்தப் படம், தொலைந்துபோன புரூகல் மூலத்தின் நகல் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். யார் கை என்பது மாறலாம், யோசனை அவருடையதுதான்.

கேள்வி: பாட்டால் மாலுமிகளை மயக்கும் சைரன்கள் மீன்வால் பெண்களா, பறவைகளா? இரண்டு விதமாகவும் படம் பார்த்தேன்.

பதில்: ஹோமர் உருவத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, குரல் மட்டும்தான். பழைய கிரேக்க ஜாடிகளில் பெண் தலையும் பறவை உடம்பும். பிரிட்டிஷ் மியூசியத்தில் அப்படி ஒரு ஜாடி இருக்கிறது. வாட்டர்ஹவுஸ் 1891-இல் அந்தப் பழைய வழியையே பிடித்துக்கொண்டார், படம் மெல்போர்னில் இருக்கிறது. டிரேப்பர் 1909-இல் வரைந்ததில் கப்பலில் ஏறுவது அழகான பெண்கள், ஒருத்திக்கு மட்டும் மீன்வால். கேட்டு மயங்க வேண்டிய கதையைப் பார்த்து மயங்கும் கதையாக மாற்றிவிட்டார். எனக்கு வாட்டர்ஹவுஸ் போதும்.

கேள்வி: தப்பாக நினைக்க வேண்டாம். இந்தப் படங்களில் ஏன் இத்தனை பேர் ஆடையில்லாமல்? வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க முடியவில்லை.

பதில்: தப்பே இல்லை. பாதி, பழைய சிலைகளின் செல்வாக்கு. மீதி, காசு கொடுத்தவரின் விருப்பம். இத்தாலிய ஓவியர் டிஷியன் ஸ்பெயினின் இரண்டாம் ஃபிலிப்புக்காகப் புராணக் காட்சிகள் ஆறு வரைந்தார், பெரும்பாலும் ஓவிட்டிலிருந்து. முன்பு அனுப்பிய டானயி என்ற பெண்ணின் படத்தில் உடல் முன்பக்கமாகத் தெரிந்தது, எனவே அடுத்த படத்தில் பின்பக்கமாகக் காட்டுகிறேன் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். ஒளிவுமறைவு கிடையாது. அந்தக் கதைகளில் பல, பெண்ணை வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போகும் கதைகள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பிள்ளைகளோடு பார்க்க டர்னர் இருக்கிறார்: 1829-இல் வரைந்த பாலிஃபீமஸ் படத்தில், மலை உச்சியில் மேகத்தோடு மேகமாகக் கிடக்கும் ஒற்றைக்கண் அரக்கனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காவியம், ஓவியம் இரண்டுமே எனக்குப் புதிது. எதில் ஆரம்பிக்கட்டும்?

பதில்: இலியட் முதல் பாடலின் கடைசிப் பகுதியைப் படியுங்கள், அக்கிலிஸின் தாய் தீட்டிஸ் ஜீயஸிடம் மகனுக்காகக் கெஞ்சும் இடம். கொஞ்சம் வரிகள்தான். அப்புறம் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1811-இல் வரைந்த ஜூபிடரும் தீட்டிஸும் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஹோமர் சொன்னபடியே தீட்டிஸின் ஒரு கை ஜீயஸின் மடியில், ஒரு கை தாடியில். ஹோமரில் அடுத்து ஜீயஸ் தலையசைக்கிறார், ஒலிம்பஸ் மலையே அதிர்கிறது. ஆங்க்ர் அதற்கு முன்னால் நிறுத்திவிட்டார். ஜீயஸ் கல்லாக உட்கார்ந்திருக்கிறார். தீட்டிஸின் கழுத்து இருக்க முடியாத அளவு வளைந்திருக்கிறது, அன்றைய விமர்சகர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். படத்தின் ஓரத்தில், மேகத்துக்கு மேலாக ஹேரா எட்டிப் பார்க்கிறாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஹோமரில் தேடிப் பாருங்கள், ஜீயஸ் அரண்மனைக்குள் வந்து உட்கார்ந்ததும் வரும்.