கிரீப்பி நட்ஸ்: ரசிகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கே: அண்ணா, 'ப்ளிங்-பேங்-பேங்-பார்ன்' மூலமாத்தான் இவங்களைத் தெரியும். புது ஆளுங்களா?

புதுசா! கிரீப்பி நட்ஸ் என்பது ஒரு ராப்பரும் ஒரு டிஜேயும் சேர்ந்த ஜப்பானிய ஹிப்-ஹாப் ஜோடி. 2013-லேயே ஜோடி சேர்ந்தாச்சு. அந்தப் பாட்டு 'மாஷ்ல்' என்ற அனிமேயின் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) இரண்டாம் சீசனுக்காக 2024 ஜனவரியில்தான் வந்தது. ராப் பாடும் ஆர்-ஷிதெய், ஒசாகாவை ஒட்டிய சகாய் ஊர்க்காரர். யூஎம்பி என்ற தேசிய ராப் போட்டியில் 2012, 2013, 2014 என ஹாட்ரிக் அடித்தவர். எழுதிவைத்துக்கொண்டு வந்தால் அங்கே வேலைக்கு ஆகாது. எதிராளி வாயை மூடிய மறுநொடி எதுகையோடு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கே: டிஜே சும்மா பட்டன் அமுக்குறவர்தானே?

இதைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று வரும். டிஜே மட்சுனாகா 2019-ல் லண்டனில் டிஎம்சி உலக டிஜே பட்டம் வென்றவர். இரண்டு ரெக்கார்டு பிளேயர், நடுவே ஒரு மிக்ஸர், அவ்வளவுதான் சாமான். ஒரு கை இசைத்தட்டை முன்னும் பின்னும் இழுக்கும். இன்னொரு கையின் விரல்கள் மிக்ஸரின் ஃபேடரை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, தட்டித் தட்டிச் சத்தத்தைத் துண்டு போடும். அவர் கையை மட்டும் காட்டும் வீடியோ ஒன்றைத் தேடிப் பாருங்கள், பிறகு பேசுவோம். டோக்கியோ ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் வாசித்தார்.

கே: லைவ் ஷோவில் எது ஸ்பெஷல்?

கூட்டத்திலிருந்து ஆளுக்கொரு சொல்லை எறிவார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஆர்-ஷிதெய் எல்லாவற்றையும் மனதில் வாங்கி, ஒன்றுவிடாமல் கோத்து, அங்கேயே ராப் ஆக்குவார். நம் அவதானிகளின் வித்தைதான், பின்னால் பீட் ஓடுகிறது என்பது மட்டும் வித்தியாசம்.

கே: 'யோஃபுகாஷி நோ உத்தா' மங்கா பெயரைத்தான் பாட்டுக்கு வைத்தார்களா சார்?

தலைகீழ். பாட்டின் பெயரைத்தான் மங்கா, அதாவது அந்த ஜப்பானிய காமிக்ஸ், எடுத்துக்கொண்டது. 2022-ல் அது அனிமே ஆனபோது அதே பாட்டு எண்டிங், ஓப்பனிங்கும் இவர்களுடையதே.

கே: ரேடியோவை ஏன் விட்டார்கள்? அதுதான் எனக்குப் பிடிக்கும்.

எனக்கும்தான். 'ஆல் நைட் நிப்பான்' என்ற ரேடியோ நிகழ்ச்சியில் இருவரும் தங்களைத் தாங்களே கலாய்த்துக்கொள்வது தனிச் சுவை. பள்ளியிலும் கல்லூரியிலும் கெத்து காட்டப் போய்ச் சொதப்பியதையே 2017-ல் பெரிய நிறுவனத்தில் வந்த முதல் வெளியீட்டுக்குத் தலைப்பாக வைத்தவர்கள் ஆயிற்றே! 2023 மார்ச்சில் ரேடியோவை முடித்துக்கொண்டு இசைப் பக்கம் முழுசாகத் திரும்பினார்கள். அடுத்த வருஷமே 'ப்ளிங்-பேங்' பில்போர்டு ஜப்பானின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம். அமெரிக்காவின் நியூவார்க்கில் பிறந்த ஜெர்சி கிளப் தாளத்தின் மேல் அந்த வேகத்தில் மூச்சு வாங்காமல் பாட, ராப் போட்டிகளில் பழகிய நாக்கு வேண்டும். அனிமே இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் போயிருக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கே: அப்புறம்?

2024 அக்டோபரில் 'டான்டடான்' அனிமேக்கு 'ஒட்டோநோக்கே' பாட்டு. 2025 பிப்ரவரியில் 'லீஜியன்' ஆல்பம், அதே மாதம் டோக்கியோ டோம் கச்சேரி.

கே: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

2016-ல் வந்த 'தாரினாய் ஃபுதாரி' மினி ஆல்பம். பிறகு நேரே 'லீஜியன்'. நடுவில் உள்ளதை நீங்களே தேடிப் போவீர்கள்.