மூன்று வருஷக் குத்தகைக்கு மாந்தோப்பை விடலாமா?

கேள்வி: நத்தம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. காசா, செந்தூரம், கொஞ்சம் பங்கனப்பள்ளி என்று மொத்தம் 70 மரம், 18 வயது. கணவர் ஓய்வு பெற்றதும் மதுரையை விட்டு இங்கேயே வந்துவிட்டோம். நான் சில்க் ரிப்பன் எம்பிராய்டரி (நூலுக்குப் பதில் பட்டு ரிப்பனால் தைக்கும் பூவேலை) செய்கிறேன், பிளவுஸ் ஆர்டர் மதுரையிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு வியாபாரி தோப்பை மூன்று வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார். மொத்தம் 2,40,000 ரூபாய், பாதி உடனே. "தோப்பு வேலை எங்களோடது, அம்மா நிம்மதியா தையலைப் பார்க்கட்டும்" என்கிறார். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கணவருக்குச் சம்மதம், எனக்கு மனசு ஒப்பவில்லை. பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. இன்னொன்று, 18,000 ரூபாய் கட்டினால் ரிப்பன் கிட் கொடுத்து, தைத்ததை அவர்களே திருப்பி வாங்கிக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். சேரலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. தோப்பை மூன்று வருஷத்துக்கு விடவே விடாதீர்கள். காய் பிடித்த பிறகு ஒரே ஒரு பருவத்துக்கு விடுவது வேறு விஷயம், அதைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன். நான் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ரிப்பன் ஊசியும் பிடிப்பவள். உங்கள் மனசு ஏன் ஒப்பவில்லை என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம், உங்கள் கணவர் அதைத்தானே பார்க்கிறார். சுமாராகக் கவனித்த மரத்துக்கு 80 கிலோ, கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 70 மரத்துக்கு 1,12,000 ரூபாய். உழவு, மருந்து, பறிப்புக் கூலி, காவல் எல்லாம் அதில் போக வேண்டும். வியாபாரி வருஷத்துக்கு 80,000 தருகிறார், உங்களுக்குச் செலவே இல்லை. கணக்கில் அது மோசமாகத் தெரியாது, அதனால்தான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் இதில் விழுகிறார்கள். கெடுதல் வருவது பணத்துக்கு இல்லை, மரத்துக்கு.

ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று ஏன் நெருக்குகிறார் என்று யோசித்தீர்களா? மா பூப்பது மார்கழி, தை. அவசரம் எதற்கு? செப்டம்பரில் மண்ணில் மருந்து ஊற்ற வேண்டும், அதற்குத்தான். பேக்லோபியூட்ரசால் என்று பெயர், தோப்புக்காரர்கள் பேச்சில் கல்டார். துளிர் விட்டு வளர்வதற்கு மரத்துக்குள் ஒரு ஹார்மோன் சுரக்கிறது, அதை இந்த மருந்து அடக்கிவிடும். வளர முடியாத மரம் இருக்கிற பலத்தை எல்லாம் பூவில் கொட்டும். மருந்தைக் குறை சொல்லவில்லை, காய்க்காத வருஷத்தில் சொன்ன அளவுக்கு ஊற்றி, எருவும் தண்ணீரும் கொடுத்தால் பலன் உண்டு. ஆனால் மூன்று வருஷக் குத்தகைக்காரர் அப்படி ஊற்ற மாட்டார். வருஷா வருஷம் ஊற்றுவார், அளவுக்கு மேல் ஊற்றுவார், எரு ஒரு கூடைகூடப் போட மாட்டார், ஏனென்றால் நாலாவது வருஷம் அந்த மரம் அவருக்குச் சொந்தமில்லை. ஊற்றிய மருந்தும் அந்த வருஷத்தோடு போய்விடாது, மண்ணில் தங்கும்.

வேலையில் இருந்தபோது ஒரு தோப்பைப் பார்க்கப் போனேன், குத்தகை முடிந்து ஆறு மாதம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. கிளை நுனியில் இலைகள் விரிந்து நிற்காமல் மூடிய கை மாதிரி ஒரே இடத்தில் கொத்தாக நெருங்கி இருந்தன. கணுவுக்குக் கணு ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. பூத்திருந்த ஒன்றிரண்டு கொத்தும் காலிஃப்ளவர் மாதிரி இறுகி, உள்ளே காற்றுப் போகாமல் கருகிக் கிடந்தது. அவர் ஒவ்வொரு மரமாகத் தடவிக்கொண்டே வந்தார், ஒன்றும் பேசவில்லை. அந்தத் தோப்பு தேறி வர எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

"மருந்து ஊற்றக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமே" என்று உங்கள் கணவர் சொல்வார். எழுதலாம்தான். ஆனால் மரத்தின் அடித்தூரைச் சுற்றி மண்ணைக் கீறி, மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றி மூடிவிட்டால் அடுத்த மழைக்குத் தடமே இருக்காது. நீங்கள் கண்டுபிடிக்கும்போது மரம் கெட்டிருக்கும்.

எழுத்தைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. அவர் கொண்டுவரும் காகிதத்தில் "நிலக் குத்தகை" என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதைவிட முக்கியம், சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. நிஜமாகவே மண்ணில் பாடுபடும் ஏழைக் குத்தகைதாரருக்காக வந்த நல்ல சட்டம் அது, ஆனால் உங்கள் காகிதம் தவறாக எழுதப்பட்டிருந்தால் வியாபாரிக்கும் அதைக் காட்டி வெளியே போக மாட்டேன் என்று நிற்க இடம் கிடைத்துவிடும். கோர்ட்டில் அவர் தோற்கலாம், அதற்குள் உங்களுக்கு எழுபது வயது ஆகிவிடும்.

சரி, ஒரு பருவத்துக்கு விடுவது எப்படி என்று சொல்கிறேன். இதை நிதானமாகப் படியுங்கள், கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். பூவைப் பார்த்து விலை பேசாதீர்கள், காயைப் பார்த்துப் பேசுங்கள். மாசிக் கடைசி, பங்குனியில் காய் எலுமிச்சை அளவுக்கு வந்திருக்கும், உதிர வேண்டியது பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். அப்போது ஒருவரிடம் மட்டும் கேட்காமல் குறைந்தது மூன்று வியாபாரிகளை மரம் மரமாகக் காட்டி விலை கேளுங்கள். மூன்று பேரும் ஒரே விலை சொன்னால் அவர்கள் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், நாலாவது ஆளைத் திண்டுக்கல்லிலிருந்தோ மதுரையிலிருந்தோ கூப்பிடுங்கள். எழுதும்போது "இந்தப் பருவத்து மாங்காய் மகசூலை மட்டும் விற்கிறோம்" என்று எழுத வேண்டும். மரத்தில் தொங்கும் காய் சட்டப்படி அசையும் பொருள், அதை விற்பதால் நிலத்தின் மேல் அவருக்கு ஒரு உரிமையும் வராது. பாதிப் பணம் கையெழுத்து அன்றே, மீதி முதல் காய் பறிக்கும் முன்னால். இதில் மட்டும் இரக்கம் பார்க்காதீர்கள். பறித்த பிறகு தருகிறேன் என்பவர் வைகாசியில் ஒரு காற்று அடித்ததும் "பாதிக் காய் விழுந்துடுச்சும்மா" என்று வந்து நிற்பார். எந்தத் தேதிக்குள் பறித்து முடிக்க வேண்டும், கிளை ஒடிக்கக்கூடாது, மண்ணில் ஒன்றும் ஊற்றக்கூடாது, இந்த மூன்றும் எழுத்தில் வரட்டும். பருவம் முடிந்ததும் தோப்பு உங்கள் கைக்கு வந்துவிடும், எரு போடுவது, கவாத்து (வேண்டாத கிளையை வெட்டுவது), தத்துப்பூச்சிக்கு மருந்து எல்லாம் உங்கள் பொறுப்பு. இரண்டு ஏக்கருக்கு ஒரு நம்பிக்கையான ஆள் போதும்.

வியாபாரி காட்டிய ஆசை இருக்கிறதே, நிம்மதியாகத் தைக்கலாம் என்று, அது இந்த வழியிலேயே கிடைத்துவிடுகிறது. தோப்பில் உயிர் போகிற வேலை பறிப்புதான். அது வருவது சித்திரை, வைகாசியில், கல்யாண பிளவுஸ் ஆர்டரும் அப்போதுதான் குவியும். மாம்பால் பட்ட கையால் சில்க் ரிப்பனைத் தொட முடியாது. தோல் வெந்து சொரசொரவென்று ஆகிவிடும், நாலு மில்லிமீட்டர் ரிப்பன் அதில் மாட்டி இழை இழையாகப் பிரியும், பட்ட கறையும் போகாது. பறிப்பு வியாபாரி தலையில் இருந்தால் உங்கள் கை தப்பித்தது. மற்ற மாதங்களில் தோப்புக்குப் போகும்போது கையுறை போடுங்கள். ராத்திரி சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் வைத்துக் கையைத் தேய்த்துக் கழுவுங்கள், காலையில் கடலைமாவால் இன்னொரு முறை கழுவிய பிறகு ரிப்பனை எடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் பட்டு காட்டிக்கொடுத்துவிடும். ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் ரிப்பன் கோக்காதீர்கள், துணிக்குள் போய்ப் போய் வரும்போதே ஓரம் நைந்துபோகும்.

அந்த 18,000 ரூபாய் கிட் ஆசாமியிடம் போகவே வேண்டாம். உங்கள் கைவேலைக்கு மதுரையிலிருந்து ஆள் தேடி வரும்போது நீங்கள் ஏன் அவருக்குப் பணம் கட்ட வேண்டும்? இந்த வேலையில் நடப்பது ஒன்றேதான். முதல் இரண்டு பீஸை வாங்கிக்கொண்டு கையில் ஏதோ கொடுப்பார்கள், மூன்றாவதிலிருந்து "ஃபினிஷிங் சரியில்லை" என்று திருப்புவார்கள், கட்டிய பணம் அத்தோடு போனது. கிட்டில் இருக்கும் ரிப்பன் பட்டாகக்கூட இருக்காது. ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வந்து, விரலில் நசுக்கினால் சாம்பலாகப் பொடியும். பாலியெஸ்டர் சாட்டின் உருகிக் கெட்டியான மணியாக உறையும். கடையில் சில்க் ரிப்பன் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது இந்தச் சாட்டினைத்தான். சாட்டினில் தைப்பது ஒன்றும் குற்றமில்லை, பட்டு விலை கொடுத்து அதை வாங்காதீர்கள், வாடிக்கையாளரிடமும் பட்டு என்று சொல்லாதீர்கள்.

கைவினைஞர் அடையாள அட்டை வாங்கித் தருகிறேன், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்து தருகிறேன் என்று இரண்டாயிரம், மூவாயிரம் கேட்டு யாராவது வருவார்கள். இரண்டுக்கும் அரசாங்கத்தில் கட்டணமே கிடையாது.

கடைசியாகப் பட்டா, அதை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். மாமனார் பெயரில் இருக்கும் நிலத்தில் உங்கள் கணவர் மட்டும் கையெழுத்துப் போட்டால், அவரோடு பிறந்தவர்கள் நாளைக்குக் கேள்வி கேட்கலாம், அது முதல் காரணம். இரண்டாவது, சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் இருக்கிறது, இரண்டு ஏக்கருக்கு உங்களுக்கும் கிடைக்க வேண்டும், ஆனால் பட்டா உங்கள் பெயரில் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். வாரிசுச் சான்று, பாகப் பிரிவினை, பெயர் மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள், ஆன்லைனில் போட்ட பிறகும் "நேரில் ஒரு தடவை வாங்க" என்று அறுபது வயதுக்காரரை மூன்று தடவை கூப்பிடுகிறார்கள், போனால் சர்வேயர் லீவு. முப்பது வருஷம் அரசு வேலை பார்த்த எனக்கே என் அப்பா நிலத்துக்குப் பெயர் மாற்றுவதற்குள் பொறுமை போய்விட்டது. கோபம் வரும்தான், அதற்காக அலுவலக வாசலில் நிற்கும் தரகரிடம் மூலப் பத்திரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள், விண்ணப்ப எண்ணை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆகஸ்டில் செய்ய வேண்டியது, காய்ந்த கிளையையும் உள்ளே வெயில் விழாமல் மறைக்கும் கிளையையும் கவாத்து செய்யுங்கள். மழை தொடங்கியதும் மரத்துக்கு 50 கிலோ தொழு உரம், தூரை ஒட்டிக் கொட்டாமல் இலை நிழல் விழும் வட்டத்துக்குள் பரப்பி மண்ணில் கலந்துவிடுங்கள். அந்த வியாபாரி பதில் கேட்டு வந்தால், பங்குனியில் காய் பார்க்க வரச் சொல்லுங்கள்.